திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்

அக்டோபர் 7, திங்கள்

ஸ்வீடிஷ் வகுப்பில் பிரிஜித்தா டீச்சர் இன்று எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். தினம் இரண்டு வாக்கியம் போதுமாம். வகுப்பு நோட்டில் எழுதிவிட்டேன்: இன்று மழை. நான் ரொட்டி வாங்கினேன். மிச்சத்தைத் தமிழில் இங்கே எழுதுகிறேன். கோத்தன்பர்க்குக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. என் கணவர் ஆபீஸ் போய்விட்டால் பேச ஆள் இல்லை, இந்த நோட்டிடமாவது பேசலாம்.

இன்றைய பாடம் 'என்', 'எட்'. இரண்டுக்கும் 'ஒரு' என்றுதான் அர்த்தம். இந்த மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் இந்த இரண்டு கட்சியில் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். கதவு 'என்' கட்சி, மேசை 'எட்' கட்சி. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆண், பெண் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் டீச்சர். அம்மாவும் 'என்', அப்பாவும் 'என்', மகனும் மகளும் 'என்'. அதைக் கேட்டபோது எனக்கு மனசு லேசாக இருந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

நடுவில் இரண்டு முறை எழுந்து போய் வாந்தி எடுத்தேன். நேற்றுச் சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று டீச்சரிடம் சொன்னேன். நான் கர்ப்பமாக இருப்பது என் கணவருக்கும் ஊரில் அவர் அம்மா, அத்தைக்கும் மட்டும்தான் தெரியும். என் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவாள். அவள் சந்தோஷப்படுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

டீச்சர் சொன்ன யோசனைப்படி வண்ணச் சீட்டு வாங்கி வந்து வீடு முழுக்க ஒட்டினேன். 'என்'னுக்குப் பச்சை, 'எட்'டுக்கு மஞ்சள். நாற்காலி பச்சை, ஜன்னல் மஞ்சள், கரண்டி பச்சை, ஃபிரிட்ஜ் மஞ்சள். இட்லிக் குக்கருக்கு என்ன கட்சி என்று தெரியாததால் அதைச் சுயேச்சையாக விட்டுவிட்டேன்.

அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன ரஞ்சி, வீட்டை ஏலத்துக்கு விட்டுட்டயா?"

"படிக்கறதுக்குங்க மாமா. ஒரு வார்த்த தப்பாச் சொன்னாக்கூடக் கேக்கறவங்க மொகம் மாறுது."

"இங்கிலீசு பேசு. எல்லாருக்கும் புரியும். நான் ரெண்டு வருசமா அப்படித்தான ஓட்டறேன்?"

உண்மைதான். அவருக்கு ஸ்வீடிஷில் நன்றி சொல்லவும் காபி கேட்கவும் தெரியும். அவர் ஆபீசில் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

தமிழில் 'என்' என்று எழுதிப் பார்த்தால் எல்லாம் எனக்குச் சொந்தம் மாதிரி இருக்கிறது. என் கதவு. என் கரண்டி. வீட்டு மனிதர்களில் குழந்தை மட்டும் 'எட்'. 'எட் பார்ன்.' அதற்கு மட்டும் மஞ்சள் சீட்டு கையில் மிஞ்சி நின்றது. ஒட்ட இடம் இல்லை. இருந்தாலும் ஒட்டியிருக்க மாட்டேன். வயிற்றில் இருக்கும்போது எதையும் வாங்கக் கூடாது, எதையும் பேசக் கூடாது. போன தடவை நான் பேசிவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. ரசம் வைத்தேன்.

அக்டோபர் 16, புதன்

ஏன் இரண்டு கட்சி என்று விடாமல் கேட்டேன். டீச்சர் பலகையில் மூன்று வட்டம் போட்டார். ரொம்பக் காலத்துக்கு முன்னால் இந்த மொழியில் ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று மூன்று இருந்ததாம். நாளாக நாளாக ஆணும் பெண்ணும் கலந்து ஒன்றாகிவிட்டனவாம். அதுதான் இன்றைய 'என்'. எது முன்னால் ஆண், எது பெண் என்று இப்போது பேசுகிறவர்களுக்கே தெரியாது. கடிகாரத்தை மட்டும் இன்னும் பழக்கதோஷத்தில் 'அவள்' என்பார்களாம். மணி என்ன என்று கேட்டால், 'அவள் மூன்று' என்று பதில் சொல்லுவார்களாம்.

வகுப்பே சிரித்தது. எனக்கு அந்த மூன்று வட்டத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இரண்டு வட்டம் கலந்து போகிறது, இனி யார் வந்து கேட்டாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படி ஒரு இடத்தில் போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

அத்தை வீடியோவில் வந்தார். ஞாயிறு என்றால் தப்பாமல் வருவார். முதலில் மழை, அப்புறம் மாடு, அப்புறம் மூட்டு வலி. அதெல்லாம் முடிந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்.

"அம்மிணி, அங்க ஸ்கேனு எப்ப எடுப்பாங்களாம்?"

"நவம்பர் கடைசியிலங்க அத்தை."

"எடுத்தாங்கன்னா, எந்தக் கெழம வரச் சொல்றாங்கன்னு மட்டும் கேட்டுப்போட்டு வந்துரு."

அவர் பக்கத்திலிருந்து, "அம்மா, இந்த ஊர்ல அப்படியெல்லாம் இல்ல. கேட்டா நேராவே சொல்லுவாங்க. தப்பில்ல இங்க" என்றார்.

"எந்த ஊரு டாக்டரா இருந்தா என்ன? எல்லாரும் ஒரே படிப்புத்தான படிக்கறாங்க? கெழமையக் கேளு சாமி, போதும்."

அவர் என்னைப் பார்க்காமல் தலையாட்டினார். நான் அடுப்பை அணைக்கப் போவதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 25, வெள்ளி

தலை வலி.

நவம்பர் 5, செவ்வாய்

மருத்துவச்சியிடம் போனோம். இங்கே கர்ப்பிணிகளைப் பார்ப்பது டாக்டர் இல்லை, மருத்துவச்சிதான். பெயர் ஆனெலி. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், கை கதகதப்பாக இருந்தது. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள்.

"முதல் கர்ப்பமா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமாம்" என்றார் அவர்.

ஆனெலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் பத்தே கால்.

டிராமில் திரும்பும்போது அவர் சொன்னார்: "ஸ்கேன் முடிஞ்ச அடுத்த வாரம் ஊருக்கு ஒரு நடை போயிட்டு வந்துரலாம். குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டாங்களாம் அம்மா. டிக்கெட் போட்டுட்டேன்."

"குளிர்ல, இத்தன தூரமுங்களா?"

"பத்து நாள்தான், கண்ணு."

போன தடவையும் குலதெய்வக் கோயிலுக்கு என்றுதான் கூட்டிப் போனார்கள். கோயில் வாசல்வரைக்கும் போகவே இல்லை. இன்று வீட்டுக்கு வந்ததும் என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி அவருடைய பையில் வைத்துக்கொண்டார். பாஸ்போர்ட் 'எட்' கட்சி. மஞ்சள் சீட்டு அதன்மேல் ஒட்டியிருந்தது, அதோடேயே போய்விட்டது.

நவம்பர் 14, வியாழன்

நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வகுப்பில் வாய்மொழித் தேர்வு. எனக்கு எல்லா விடையும் தெரியும், ஆனால் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் 'என்'னா 'எட்'டா என்று நின்றுவிடுகிறேன். நிற்பதற்குள் பேச்சு போய்விடுகிறது. முடிந்ததும் டீச்சர் என்னை நிறுத்தி வைத்துக் காபி கொடுத்தார்.

"ரஞ்சனி, தப்பாகவே சொல்லுங்கள். என்னைத் தவிர யாரும் திருத்த மாட்டார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் புரிந்தால் போதும்."

"தப்பாகச் சொன்னால் வேறு அர்த்தம் ஆகிவிடாதா?"

"ஆகாது. அழகில்லாமல் இருக்கும், அவ்வளவுதான்."

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். தேர்வுக்கான வாக்கியம் இல்லை.

ஊரில் அந்த ஸ்கேன் சென்டரில் இருந்த அக்கா நினைவுக்கு வந்தாள். தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். சிரித்த முகம். கவரை அத்தை கையில் கொடுத்துவிட்டு, "ரிப்போர்ட்ட வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கங்க" என்றாள். ரிப்போர்ட் அந்தக் கவருக்குள்ளேயே இருந்தது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை; வெள்ளி என்றால் பெண், திங்கள் என்றால் பையன் என்பது பிறகுதான் தெரிந்தது. காரில் ஏறியதும் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் காரை எடுத்தார். வழியில் இளநீர் மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

இதற்கு மேல் இன்று வேண்டாம்.

நவம்பர் 21, வியாழன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

ஸ்கேன் எடுத்ததும் ஆனெலிதான். என்னைப் படுக்க வைத்து வயிற்றில் ஜெல்லைத் தடவினாள். சுவரில் பெரிய திரை. அவர் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். திரையில் அது வந்தது. ஒரு கையை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, வெளிச்சம் பட்டுக் கூசுகிற மாதிரி. இதயம் என்று ஆனெலி காட்டினாள். முதுகெலும்பைக் காட்டினாள். எல்லாம் சரியாக இருக்கிறது, நன்றாக வளர்ந்திருக்கிறது என்றாள். எனக்கு ஒரு நொடி சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

அவர் ஆங்கிலத்தில் கேட்டார். "ஆணா, பெண்ணா?"

ஆனெலி குனிந்து திரையைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஒரு வாரமாகச் சொல்லிப் பழகியதெல்லாம் மறந்து போய், கையில் கிடைத்த சொற்களை அள்ளிப் போட்டேன். ஸெய் இந்தே. ஸ்னெல்லா. சொல்லாதீர்கள், தயவுசெய்து. இவருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். என் குழந்தைக்கு ஆபத்து. அதை 'மின் பார்ன்' என்று சொன்னேன். குழந்தை 'எட்' கட்சி என்பதால் 'மித் பார்ன்' என்றிருக்க வேண்டும், சொன்ன பிறகுதான் தெரிந்தது. மற்றதெல்லாம் இன்னும் மோசம். ஒரு கட்சியும் சரியில்லை.

ஆனெலி திருத்தவில்லை. என் கையின்மேல் தன் இன்னொரு கையை வைத்து ஸ்வீடிஷில் மெதுவாக, "புரிந்தது" என்றாள்.

"என்ன சொன்ன?" என்றார் அவர்.

"ஜெல்லு குளிருதுன்னு சொன்னேனுங்க."

ஆனெலி கருவியை எடுத்து வைத்துவிட்டு அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "அதை நான் இன்று சொல்லப் போவதில்லை."

"என் ஆபீசில் எல்லோருக்கும் சொன்னார்களே?"

"இன்று நான் சொல்லவில்லை" என்று அதே குரலில் சொல்லிவிட்டுப் படத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் போய் அந்தப் படத்தைப் போனில் பிடித்து அத்தைக்கு அனுப்பத் தொடங்கினார்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. ஆனெலி கம்ப்யூட்டரில் நாள்காட்டியைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். அவள் விரல் அடுத்த வாரத்தின் வெள்ளிக்கிழமையில் போய் நின்றது.

எனக்கு அந்த மல்லிகை வாசம் வந்தது, சத்தியமாக. அப்போதுதான் அத்தை சொன்னது ஞாபகம் வந்தது. எந்த ஊரு டாக்டரா இருந்தா என்ன. நான் கையை நீட்டி அவள் விரலுக்குப் பக்கத்தில் என் விரலை வைத்து, அடுத்த வரிசையில் இருந்த திங்கட்கிழமைக்கு நகர்த்தினேன். ஆனெலி என்னைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பியபோது அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: "அப்படியானால், திங்கட்கிழமை வாருங்கள்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் பார்த்து அப்படித்தான் சிரிப்பார்கள்.

அவர் கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

டிராம் நிறுத்தத்துக்கு வருவதற்குள் அத்தை கூப்பிட்டுவிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். படம் எப்படி, உடம்பு எப்படி என்று எதுவும் கேட்கவில்லை.

"எந்தக் கெழம வரச் சொன்னாங்க?"

"திங்கக்கெழமங்கம்மா" என்றார் அவர். "வாயால சொல்லமாட்டேனுட்டாங்க. நம்ம ஆளுங்கன்னா சொல்லமாட்டாங்க போல. ஆனா திங்கக்கெழமன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்கம்மா."

"என்ற ராசா!" என்று அத்தை அலறியதில் பக்கத்தில் நின்ற நாய் திரும்பிப் பார்த்தது. "நாந்தான் சொன்னனே, எல்லா ஊரும் ஒண்ணுதான்னு!"

அவர் என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு அணைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்வார். நான் டிராம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 22, வெள்ளி

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். இந்த நேரத்தில் விமானம் ஏறுவது நல்லதில்லையாம். குலதெய்வம் பொறுத்துக்கொள்ளுமாம்.

டிசம்பர் 2, திங்கள்

ரத்தம் எடுத்தார்கள். அவரும் ஆசையாக வந்தார், ஆனால் ஆனெலி இது வழக்கம் என்று சொல்லி அவரை வெளியே உட்கார வைத்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில் பேசலாமா, மொழிபெயர்ப்பாளரைப் போனில் கூப்பிடவா என்று கேட்டாள். வேண்டாம், ஸ்வீடிஷிலேயே சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். இந்த நோட்டில்கூட எழுத முடியாததை, தெரிந்த கொஞ்சம் சொற்களை வைத்துச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லிவிட்டேன். அந்தச் சொற்களை யாரும் என்னைத் திட்டுவதற்குப் பயன்படுத்தியதில்லை, அதனால் வாயில் சுடவில்லை. எத்தனை 'என்', எத்தனை 'எட்' தப்பாகப் போனதோ. ஆனெலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு போன் எண்ணைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னாள். எந்த நேரமும் கூப்பிடலாமாம். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டாள்.

இன்று மாலை அவர் பையிலிருந்து அதை எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டேன். அவர் தேடவில்லை. தேட அவருக்கு இப்போது காரணம் இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மின்சார அடுப்பில் பால் பொங்கியது, நெருப்பு அலாரமும் சேர்ந்து பொங்கியது. கொஞ்ச நேரம் சிரித்தோம்.

அத்தை வீடியோவில் வெள்ளி அரைஞாண் கொடியைத் தூக்கிக் காட்டினார். தாத்தா பெயரை வைக்க வேண்டும் என்றார். என் அம்மாவும் அழைத்து அழுதாள், சந்தோஷ அழுகை. இப்போது ஊர் முழுக்கத் தெரியும். அவர் என்னைக் குனிய விடுவதில்லை, பாத்திரம் தேய்க்க விடுவதில்லை. கால் பிடித்துவிடுகிறார். எவ்வளவு நன்றாக நடந்துகொள்கிறாரோ அவ்வளவு பயம் எனக்கு. இது எனக்காக இல்லை, திங்கட்கிழமைக்காக.

என்ன குழந்தை என்று எனக்குத் தெரியாது. பையனாகவே இருந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று இன்று சாமி கும்பிடும்போது வேண்டிக்கொள்ளப் போனேன். பாதியில் நிறுத்திவிட்டேன். உள்ளே இருந்து அது கேட்டுவிடுமோ என்று வெட்கமாகிவிட்டது.

மார்ச் 28, வெள்ளி

நிறைய உதைக்கிறது. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 26, சனி

நேற்று மதியம் பிறந்தது.

இங்கே பிரசவத்தில் இருந்தது வேறு மருத்துவச்சி, சின்னப் பெண். வலியில் அவள் பெயர் காதில் விழவில்லை. ஆரம்பத்தில் அவள், "இது முதல் கர்ப்பமா?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஸ்வீடிஷில், "இல்லை, இரண்டாவது" என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.

என்ன குழந்தை என்று இவர்கள் சொல்லவில்லை. வழவழவென்று சூடாக என் மார்பில் வைத்துவிட்டு, "நீங்களே பாருங்கள்" என்றாள் அந்தப் பெண். நான் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதுகில் கையை வைத்துக்கொண்டேன். மூச்சு ஏறி இறங்கியது. அவர் குனிந்து பார்த்தார்.

குழந்தை கத்தியது.

பிறகு அவர் கேட்டார்: "திங்கக்கெழமன்னுதான சொன்னாங்க?"

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எங்கள் வீட்டில் இதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோயிலுக்குப் போய் வந்தோம் என்றுதான் பேச்சு. அந்தக் கிழமைக் கணக்கை அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்பது இப்போதுதான்.

கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். "அது ரத்தம் எடுக்கறதுக்குங்க மாமா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை. அந்தப் பெண் வந்து கத்தரிக்கோலை நீட்டினாள், அப்பாதான் கொடியை வெட்ட வேண்டும் என்றாள். முதல் தடவை வெட்டு விழவில்லை. இரண்டாம் தடவை அவர் வெட்டினார். எனக்குத் தையல் போட வேண்டியிருந்ததால், சட்டையைக் கழற்றச் சொல்லி அவர் வெறும் நெஞ்சில் குழந்தையைப் போட்டு மேலே துண்டைப் போர்த்திவிட்டாள். இங்கே எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தானாம். அவர் மூச்சுவிடவே பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் நெஞ்சு குலுங்கியது. அழுதாரா, குளிரா, தெரியாது. நான் கேட்கவில்லை.

அவர் போன் அடித்தது, என் பக்கத்து மேசையில். அத்தை. இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை நானே எடுத்தேன்.

"பொண்ணுங்க அத்தை."

அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. "பூபதிகிட்டக் குடு" என்றார்.

"அவர் நெஞ்சு மேல கொழந்த தூங்குதுங்க. இப்பப் பேச முடியாது."

வைத்துவிட்டேன். அத்தையின் போனை நானாக வைத்தது இதுதான் முதல் தடவை.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அத்தை சும்மா இருக்க மாட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை, ஆனால் நேற்று இரவு முழுக்க அவளைக் கீழே விடவும் இல்லை. பாஸ்போர்ட் அரிசி டின்னில் இருக்கிறது. எண் மனப்பாடமாக இருக்கிறது. அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்றால் என் கையெழுத்து வேண்டும். விசாரித்துவிட்டேன்.

காலையில் நர்ஸ் வந்து, பெயர் முடிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டாள். என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது. மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். சட்டென்று அதைச் சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் இல்லை என்று தலையாட்டிவிட்டேன். இவளுக்கு வேறு யோசிக்க வேண்டும். அந்தப் பெயர் மூத்தவளுடையது.